பத்துக்கு மூணு வாங்கிய என் எக்ஸிபிஷன்

இன்று என் கண்காட்சிக்கு வந்த முதல் ஆள் கேட்ட முதல் கேள்வி:

"ஏம்மா, ராட்டினம் எந்தப் பக்கம்?"

(நோட்டீஸில் 'எக்ஸிபிஷன்' என்று அடித்திருந்தோம். திண்டுக்கல்லில் எக்ஸிபிஷன் என்றால் ராட்டினமும் டெல்லி அப்பளமும்தானே! பிரஸ்காரர் பாசத்தில் 'மாபெரும்' என்று வேறு சேர்த்துவிட்டார்.)

பாவம், தாடிக்கொம்பிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறார் அந்த அக்கா. எப்படித் திருப்பி அனுப்புவது? வீடியோ ஓடும் இடத்தில் உட்கார வைத்தேன்.

தோல் பதனிடுகிற பெரிய மர டிரம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும் வீடியோ அது.

பிள்ளைகள் ஒரே கத்தல். "ஏலே, ராட்டினம்டா!"

அப்பாடா. விளம்பரம் பொய்யாகவில்லை!

புதிதாக வந்திருக்கும் நண்பர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மரப்பலகையில் படம் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றி எடுப்பது என் வேலை. கூடவே போட்டோ, வீடியோ. சென்னை, பெங்களூர், கொச்சி என்று பல ஊர்களில் மாட்டியாகிவிட்டது. சொந்த ஊரில் இதுதான் முதல் தடவை.

இடம்? கல்யாண மண்டபம்! மணமேடையில் போட்டோக்கள், சுவரெல்லாம் அச்சுப் படங்கள், பந்தி ஹாலில் ஜன்னலை அடைத்து வீடியோ. (சாப்பாடு இல்லை என்று தெரிந்ததும் இரண்டு பேர் அப்படியே திரும்பிப் போனார்கள்.)

எங்கள் அத்தாவுக்குத் தோல் மண்டி. என் படங்களில் முக்கால்வாசி அந்த மண்டியில் எடுத்ததுதான். உப்புப் போட்டு அடுக்கிய தோல், கயிற்றில் காயும் தோல், தராசு, லாரி, எல்லாம்.

ஆனால் அத்தா ஒரு கண்காட்சிக்குக்கூட வந்ததில்லை.

"மக என்ன பண்ணுது பாய்?" என்று யாராவது கேட்டால் "ட்ராயிங் டீச்சர்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். (நான் ஒரு நாள்கூட டீச்சராக இருந்ததில்லை!)

காலையில் கிளம்பும்போது கெஞ்சினேன்.

"அத்தா, செத்த நேரம் வந்துட்டுப் போங்களேன்."

"நான் எதுக்கும்மா? படிச்சவங்க வாற எடம். அங்க வந்து நான் என்னத்தப் பேச?"

கொச்சியில் எத்தனை பேர் கை குலுக்கினாலும் அத்தா பார்க்காதது எனக்குக் குறைதான். உள்ளூரிலேயே வைத்தும் வரவில்லை என்றால் இனி எங்கே வரப்போகிறார்? அந்த வருத்தத்தோடுதான் மண்டபத்துக்குப் போனேன்.

மதியம் லுஹர் தொழுகை முடிந்த நேரம். வாசலில் அம்மா. அவருக்குப் பின்னால், தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அத்தா!

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிறப்பு விருந்தினராக வந்திருந்த ரிட்டயர்டு பிரின்சிபால் சாரிடம் பேசிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முதல் படத்தைப் பார்த்தார். குனிந்து அடியில் எதையோ படித்தார். இரண்டாவது படம். மறுபடி குனிந்தார். மூன்றாவது படத்தில் முகம் சிவந்துவிட்டது.

நேராக எங்களிடம் வந்தார்.

"சார், நீங்கதான் இங்க பெரியவரா?"

"சொல்லுங்க பாய்."

"எம்மகளுக்கு மார்க்குப் போட்டது யாரு சார்?"

சார் முழித்தார். நானும் முழித்தேன்.

"பத்துக்கு மூணு போட்டிருக்கு! அந்தா, அதுக்குப் பத்துக்கு ரெண்டு! மனசாட்சி வேணாமா சார்? கையெல்லாம் காச்சுப்போயி செதுக்குச்சு சார் இந்தப் புள்ள. சோறு தண்ணி இல்லாம கெடந்துச்சு. நான் கண்ணால பாத்தவன் சார்!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது!

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவர் என் வேலையை ஏறெடுத்தும் பார்த்ததில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மனுஷன் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்!

"அத்தா, அது மார்க்கு இல்ல அத்தா. ஒரு பலகையில பத்து காப்பி அடிப்பேன். இது மூணாவது காப்பி, அது ரெண்டாவது. அதத்தான் 3/10, 2/10-ன்னு பென்சில்ல எழுதியிருக்கேன்."

"இத மொதல்லயே போர்டு எழுதி வைக்க வேணாமா? பாக்குறவன் எம்மக பெயிலுன்னுல்ல நெனப்பான்!"

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "கத்தாதீங்கன்னு வாசல்லயே சொன்னேன்ல!"

பிரின்சிபால் சார் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"பாய், உண்மையச் சொல்லவா? நானும் வந்ததுலேருந்து மார்க்குன்னுதான் நெனச்சேன். கேட்டா அசிங்கமாப் போயிருமேன்னு பேசாம இருந்தேன்."

மண்டபம் சிரித்த சிரிப்பில் பந்தி ஹாலிலிருந்து ராட்டினக் கோஷ்டி ஓடி வந்துவிட்டது! அத்தாவும் சிரித்தார். அப்புறம் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப, பத்தாவது காப்பின்னு ஒண்ணு இருக்கும்ல?"

"இருக்கு அத்தா. பெட்டிக்குள்ள."

"எடு."

எடுத்துக் கொடுத்தேன். எங்கள் மண்டியின் முகப்பு. அடியில் பென்சிலில் 10/10.

ரொம்ப நேரம் பார்த்தார். "மாஷா அல்லாஹ்" என்றார். அப்புறம், "இத வெளிய யாருக்கும் குடுத்துராத."

கண்காட்சி முடிந்து சாயங்காலம் மண்டிக்குப் போனேன். கல்லாவுக்கு மேலே ஆணி அடித்து, படம் ஏறிவிட்டது!

லோடு ஏற்ற வந்த டிரைவர் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "என்ன பாய் இது?" என்று கேட்டார்.

அத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எம்மக ஆர்ட்டிஸ்ட்டுப்பா. பெரிய எக்ஸிபிஷன்ல பத்துக்குப் பத்து வாங்குன படம்!"

மக்களே, நீங்களே சொல்லுங்கள். இதைப் போய் நான் திருத்தவா?!