வேலை போயிரும் அண்ணாச்சி

கோவில்பட்டியில் வந்து பூவனநாதன் வீடு எது என்று கேட்டால், எந்தப் பூவனநாதன் என்று திருப்பிக் கேட்பார்கள். டீத்தூள்காரர் என்று சொன்னால்தான் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். மும்பையில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் ஒரு பெரிய கம்பெனிக்கு, இருபத்து மூன்று வருடமாக இந்த வட்டாரத்தில் அவர்தான் சேல்ஸ் ஆபீசர். கம்பெனியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. விளம்பரத்துக்கென்று அவர்கள் கொட்டுகிற காசு போதும், நாம் வேறு இலவசமாகச் செய்து கொடுக்க வேண்டாம்.

அந்தக் கம்பெனி போன மார்ச் கடைசியில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அப்படிச் சொல்வதும் சரியில்லை, அவர் வீட்டில்தான் இருந்தார். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை வீடியோ காலில் கூப்பிட்டு, மகள் வயதிருக்கும் ஒரு பெண் சிரித்த முகமாகப் பேசியது. இனி கடைக்காரர்களே செல்போனில் ஆர்டர் போட்டுக்கொள்வார்களாம். அதனால் மறுசீரமைப்பாம். இது உங்கள் தவறு இல்லை, நாமெல்லாம் என்றைக்கும் ஒரே குடும்பம் என்று சொல்லிவிட்டு அது மறைந்தபோது சட்னி காய்ந்து தட்டில் ஒட்டியிருந்தது.

முதலில் அவருக்கு வந்தது சந்தோஷம்தான். அதை எதற்கு மறைக்க வேண்டும்? மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, வீடு சொந்த வீடு, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. காலையில் கண் விழிக்கும் முன்பே போன் பண்ணி, "என்ன பூவன், இன்னிக்கு எத்தனை கேஸ்?" என்று பெட்டிக் கணக்குக் கேட்கும் ஏரியா மேனேஜரின் குரலை இனிக் கேட்க வேண்டியதில்லை. பட்டப்பகலில் கட்டிலில் ஏறிப் படுத்துத் தூங்கினார். மத்தியானம் எழுந்தபோது கோபம் வந்தது. என்னையா? வெயிலிலும் மழையிலும் இந்தக் கரிசல் மண்ணில் வண்டி சிக்கி, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்து போய் ஆர்டர் எடுத்த என்னையா? குளிக்கும்போது மறுபடியும் சந்தோஷம். ராத்திரி டி.வி.யில் அதே டீத்தூள் விளம்பரம் வந்ததும் மறுபடியும் கோபம். இரண்டும் ஷிப்ட் போட்டு வேலை பார்த்தன.

மனைவி பிரேமலதா முதலில் இதை நம்பவேயில்லை.

"எனக்கு வேலை போயிருச்சு."

"சரி, கையக் கழுவிட்டு வாங்க. இதக் கல்யாணம் ஆன வருசத்துல இருந்து கேட்டுக்கிட்டுதான இருக்கேன்."

மறுநாள் கூரியர்காரன் வந்து, ஆர்டர் போடக் கம்பெனி கொடுத்திருந்த டேப் கம்ப்யூட்டரை வாங்கிப் பெட்டியில் வைத்து ஒட்டிக்கொண்டு போன பிறகுதான் அந்த அம்மாளுக்கு முகம் மாறியது. தலையில் தேய்க்க நல்லெண்ணெய் எடுத்து வந்தது. ஆறுதல் சொல்ல அதற்கு வேறு வழி தெரியாது.

எண்ணெய் தேய்த்தபடியே, "கடைக்காரவகிட்ட நேர்ல போய்ச் சொல்லிட்டு வாரேன்" என்றார் பூவனநாதன்.

"எதுக்கு? அவியளுக்கு டீத்தூள் வந்தாச் சரி. நீங்க வந்தா என்ன, வரலைன்னா என்ன."

"அப்படிச் சொல்லாத. எல்லாரும் எங்கூடப் பழகுனவிய."

"டீத்தூளுக்காகப் பழகுனவிய."

நல்லெண்ணெய் குளிர்ச்சி என்பார்கள். அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு உச்சந்தலை கொதித்தது. கம்பெனி போகட்டும், அது என்றைக்கும் அப்படித்தான். ஆனால் இத்தனை வருடமாகக் கடை கடையாக உட்கார்ந்து பேசியது, கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போய் வந்தது எல்லாம் டீத்தூளுக்காகத்தானா? அதைத் தெரிந்துகொள்ளாமல் அவருக்குச் சோறு இறங்காது போலிருந்தது. மறுநாள் காலையில், வழக்கமாக எட்டயபுரம், எப்போதும்வென்றான் பக்கம் போகும் நாளில், பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இந்த இடத்தில் அவருடைய தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாதக் கடைசியில் விற்பனை டார்கெட் எட்டாமல் முட்டும்போது பூவனநாதன் ஒரு வித்தை வைத்திருந்தார். கடைக்குள் நுழைந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, கேட்காமலே அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிடுவார். தண்ணீர் வாங்கிக் குடிப்பார். வெகுநேரம் தரையைப் பார்ப்பார். பிறகு தணிந்த குரலில், "இந்த மாசம் முடிக்கலைன்னா எனக்கு வேலை போயிரும் அண்ணாச்சி" என்பார். குரல் கடைசியில் லேசாக உடைய வேண்டும், அதுதான் முக்கியம். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு ஒரு கேஸ் எடுத்துக்கொள்வார். மேனேஜ்மென்ட் படித்தவர்கள் ஓட்டலில் கூட்டம் போட்டு எத்தனையோ சொல்லிக் கொடுத்தார்கள். கடைசி வரை கைகொடுத்தது இது ஒன்றுதான்.

அன்றைக்கும் மாதக் கடைசி. போதாக்குறைக்கு, ரோட்டோரம் நெடுகத் தார்ப்பாய் விரித்து மிளகாய் வத்தல் காயப்போட்டிருந்தார்கள். எட்டயபுரம் போய்ச் சேருவதற்குள் அவருக்குக் கண் இரண்டும் சிவந்து மூக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டது.

பரமசிவனின் பலசரக்குக் கடையில் அவருடைய சம்சாரம் மட்டும் இருந்தது. டீத்தூள்காரரைக் கண்டதும், "அவிய மதுரைக்குப் போயிருக்காவ" என்றது. அவிய செருப்பு வாசலில் கிடந்தது. உள்ளே அவிய இருமலும் கேட்டது.

"சரக்கு போட வரல தாயி. எனக்கு வேலை போயிருச்சு, அதச் சொல்லத்தான் வந்தேன்."

பரமசிவன் மதுரையிலிருந்து உடனே திரும்பி வந்தார். சிவந்த கண்ணையும் ஒழுகுகிற மூக்கையும் நின்று நிதானமாகப் பார்த்தார்.

"போன மாசம் போயிரும்னீங்க. இந்த மாசம் போயிருச்சா. நல்ல முன்னேற்றந்தான் அண்ணாச்சி. ஒரு கேஸ் எழுதிக்கோங்க."

"நெசமாத்தான் சொல்லுதேன். எனக்கு எதுவும் வேண்டாம்."

"வேண்டாம்னு சொல்லி விக்கிறது இப்பப் புதுசா டிரெய்னிங் குடுத்திருக்காவளோ? சரி, ரெண்டு. அதுக்கு மேல கேக்கப்பிடாது."

அவர் மறுக்க மறுக்கச் சரக்கு ஏறிக்கொண்டே போனது. ஆளை விட்டால் போதும் என்று மூன்றில் நிறுத்திவிட்டு வெளியே வந்தால், அதற்குள் பரமசிவன் ரோட்டுக் கடை சுடலைராஜுக்குப் போன் போட்டுவிட்டார் போலிருக்கிறது. பைக்கை நிறுத்துவதற்கு முன்பே சுடலைராஜ் இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டு கேஸ் எடுத்துக்கிடுதேன் அண்ணாச்சி. அழ மட்டும் செய்யாதீங்க, காலையில யாவார நேரம்."

உச்சிப் பொழுதுக்குள், ஆறு மாதமாக எட்டாத டார்கெட்டை பூவனநாதன் தாண்டிவிட்டார். யாருக்கும் வேண்டாத ஆர்டர், எழுத டேப் இல்லை, அனுப்பக் கம்பெனி இல்லை. அப்படியிருந்தும் மனசு தன்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டே வந்தது. ஒரு பக்கம் பெருமையாகக்கூட இருந்தது. இன்னொரு பக்கம் வருத்தம். ஒருவராவது, இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. டீத்தூள்காரர் டீத்தூள்காரராகத்தான் தெரிகிறார். பிரேமலதா சொன்னது சரிதான் என்று வீட்டில் போய் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே வண்டியை ஓட்டினார்.

எப்போதும்வென்றானில் அழகுத்தாயின் கடை கடைசிக் கடை. புருஷன் போன பிறகு தனியாக நின்று கடையைக் காப்பாற்றும் மனுஷி, அவரைவிடப் பத்து வயதுக்கு மூத்தது. ஊரின் பெயரில் இருக்கிற வெற்றி பூவனநாதனுக்கு அந்தக் கடையில் ஒருநாளும் குறைந்ததில்லை, மாதம் ஒரு கேஸ் நிச்சயம்.

இந்த முறை அவர் மூட்டையில் உட்காரவில்லை. தண்ணீரும் கேட்கவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்.

"எக்கா, வேலை போயிருச்சு. சும்மா சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"சரி தம்பி, ஒண்ணு போட்டுக்கோ. எங்க, அந்தச் சிலேட்ட எடு." டேப்பை அந்த அம்மாள் சிலேட்டு என்றுதான் சொல்லும். அவர் அசையாமல் நிற்பதைப் பார்த்து, தானே அவர் தோள் பையை வாங்கிக் கைவிட்டுத் தேடியது. சோற்று டப்பா, தண்ணீர் பாட்டில், துண்டு. அவ்வளவுதான் இருந்தது. பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கூடப் பார்த்துவிட்டது.

"சிலேட்ட வாங்கிட்டாவளா?"

"வாங்கிட்டாங்க."

அழகுத்தாய் பையைக் கீழே வைத்தது. பிறகு அதன் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்ப இனிமே இந்தத் தூள வாங்க வேண்டாம்லா?"

பூவனநாதனுக்கு அப்போதே பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடலாம் போலிருந்தது. இதைக் கேட்கத்தானா இவ்வளவு தூரம் வந்தோம் என்று நினைத்தார். அழகுத்தாய் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனது. பின்னறையில், கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில், அவர் போட்ட டீத்தூள் பெட்டிகள் உத்தரம் வரை அடுக்கியிருந்தன. கீழ் வரிசையை எலி கடித்திருந்தது.

"இந்த ஊர்ல இத எவன் கேக்கான்? என் மருமகளே குடிக்க மாட்டேங்கா. மாட்டுத் தொழுவுல ஈ விரட்டக் கொஞ்சம் பொகை போட்டுப் பாத்தேன், அதுக்கும் ஆகல."

"பெறகு எதுக்குக்கா மாசாமாசம் வாங்குனீங்க?"

"நீதான வேலை போயிரும்னு சொன்ன."

"அது பொய்யில்லா. சரக்கு தள்ளுறதுக்காகச் சொன்னது."

"பொய்யின்னு எனக்குத் தெரியாதாக்கும்? மூஞ்சியப் பாத்தாலே தெரியும்." அழகுத்தாய் பெட்டி மேலிருந்த தூசியை முந்தானையால் தட்டியது. "ஆனா ஏதாச்சும் ஒரு மாசம் நெசமா இருந்துட்டா என்ன செய்ய? அதான் ஒவ்வொரு மாசமும் வாங்கிப் போட்டேன்."

பூவனநாதன் அங்கேயே, கருவாட்டு வாடைக்கு நடுவில், ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். வீடியோ காலில் வராத அழுகை, கூரியர்காரன் பெட்டியை ஒட்டியபோதும் வராத அழுகை அப்போது வந்தது. தரையைப் பார்க்கவும் இல்லை, குரலை அளந்து உடைக்கவும் இல்லை. சின்னப்பிள்ளை போல வாயைத் திறந்துகொண்டு அழுதார். இந்த அம்மாளை ஏமாற்றியதற்காகவும் அழுதார், இவ்வளவு பிரியத்தை ஒருநாள்கூடக் கண்டுகொள்ளாமல் இருந்ததற்காகவும் அழுதார். கம்பெனிக்காக அழுதது அதில் கொஞ்சம்தான்.

அழகுத்தாய் தடுக்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, விலை போட வந்த ஆள் மாட்டைப் பார்ப்பது போல அவரை மேலும் கீழும் பார்த்தது.

"இத்தன வருசத்துல நீ ஒருநாள் இப்படி ஒழுங்கா அழுதிருந்தா," என்றது, "பத்து கேஸ் கூட எடுத்திருப்பேன்."