பூட்டிய அறையில் சாம்பல்

மாசி 16, மாலை ஆறு மணி. சேக்காட்டில் எங்கள் வீடு. மனைவி இறந்த பதினைந்தாம் நாள். அவள் உயிர் பிரிந்த அறையில் சலித்த சாம்பல் பரப்பப்பட்டது. சன்னல் உட்புறம் தாழிடப்பட்டது. கதவைப் பூட்டியவன் நான். சாவி என் அரைஞாணில்.

மாசி 17, காலை ஐந்தே முக்கால். பூட்டு அப்படியே இருந்தது. திறந்தேன். சாம்பலில் கதவிலிருந்து கட்டில் கிடந்த இடம்வரை காலடிகள். போயும் வந்தும் இழுபட்டு, அளவு கலைந்திருந்தன. கட்டிலிருந்த இடத்தில் ஒருவர் உட்கார்ந்த தடம். அருகே ஓர் உள்ளங்கை. அதைச் சுற்றி, நீர்த்துளி விழுந்தாற்போல் ஏழு சிறு குழிகள். கூரை ஓடுகள் உலர்ந்திருந்தன.

யுத்த காலத்து நாட்குறிப்பில் நான் எழுதியது இவ்வளவே. எழுதாமல் விட்டதை இப்போது சொல்கிறேன்.

நான் பட்டணத்துக் கல்லூரி ஒன்றில் பௌதிகம் கற்பித்தவன். இறந்தவர் ஒருமுறை வந்துபோவார், அவர் காலடி சாம்பலில் பதியும் என்பது எங்கள் உறவுக்காரர்களின் நம்பிக்கை. பதினாறாம் நாளுக்கு முந்திய மாலையில் அந்த அறையில் சாம்பல் பரப்பி மூடிவைப்பார்கள். இதற்கு நான் இசைந்தது என் மகளுக்காக. தாய்க்கு முடியவில்லை என்று சேதி போனதும் அவள் கைக்குழந்தையோடு அரக்கோணத்தில் ரயில் ஏறியிருக்கிறாள். ராணுவ வண்டிகளுக்கு வழிவிட அந்த ரயிலை நடுவழியில் மணிக்கணக்காக நிறுத்திவிட்டார்கள். அவள் வந்து சேர்ந்தபோது சிதை எரிந்து முடிந்திருந்தது. அன்றுமுதல் அவள் ஒரு வாய்க்குமேல் உண்ணவில்லை. பால் வற்றிப்போய், குழந்தை ஓயாமல் அழுதது.

"அம்மா கடைசி வரைக்கும் வாசலையே பாத்துகினு இருந்தாங்களாம். அடி விழலன்னா, என்மேல கோவமாவே போயிட்டாங்கன்னுதாம்பா அர்த்தம்," என்றாள்.

இரக்கப்பட்டு யாரேனும் பொய்த் தடம் பதித்துவிடக் கூடாதே என்று எனக்கு அச்சம். ஆகவே பூட்டும் சாவியும் என்னிடமே இருக்கவேண்டும் என்று நிபந்தனை விதித்தேன். மனைவியின் அக்காள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாத்தியாரே, செத்தவளுக்கும் பரீட்சை வெக்கிறீங்களா?"

மறுநாள் காலையில் விளக்கை உயர்த்திப் பிடித்துப் பார்த்தேன். காரணம் இருக்கத்தான் வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, அளவுகோலோடு நிலைப்படியருகே மண்டியிட்டேன். அக்காள் அதைப் பிடுங்கினார்.

"அளவெடுக்க இது இன்னா செருப்பா? நவுருங்க."

மகள் அந்தக் குழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா அழுதிருக்காங்கப்பா," என்றாள். உள்ளங்கைத் தடத்தின்மேல் தன் கையை மெல்ல வைத்தாள். தடம் அவள் கையைவிட மிகவும் பெரிது. அவள் கையை எடுக்க வெகுநேரமாயிற்று. எழுந்து போய், பெரியம்மாவிடம் கஞ்சி கேட்டாள்.

நான் கிணற்றடிக்கு வந்தேன். அங்கே எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாள், விடியுமுன்பே வந்தவள், நீர் நிரம்பிய வாளியோடு எனக்காகவே காத்திருந்தாள் போலும்.

"அய்யா, காலைத் தூக்குங்க."

தூக்கினேன். உள்ளங்கால் குதிகால்வரை சாம்பல் நிறம். சற்றுமுன் நான் அறைக்குள் ஓரடிதான் வைத்திருந்தேன். அதற்குள் இத்தனை ஒட்டியிருக்காது. வலக்கை ரேகைகளிலும், நகக்கண்களிலும் அதே சாம்பல். எழுந்தது, சாவியை அவிழ்த்தது, உள்ளே போனது, திரும்பி வந்து மறுபடி பூட்டியது எதுவுமே என் நினைவில் இல்லை. இன்றுவரை இல்லை.

"ரேழியில இருந்த அடியெல்லாம் நானே தொடச்சிட்டேன். நீங்க கம்முனு இருங்க."

"நான் பொய் சொல்லிப் பழக்கமில்லை," என்றேன்.

"இதுல இன்னாங்கய்யா பொய்யி? அந்த ரூம்புல ஒருத்தர் குந்திகினு அயுதது நெசந்தானே? உள்ள போய்ப் பாருங்க, உங்க பொண்ணு கஞ்சி குடிச்சிகினு கீது."

அவளே என் கால்களில் தண்ணீர் ஊற்றினாள். சாம்பல் நீர் வாழையடிக்கு ஓடியது. அன்று மாலை குழந்தை பாலருந்தி அயர்ந்து தூங்கிற்று.

யுத்தம் முடிந்துவிட்டது. இறந்தவர்கள் வருவார்களா என்பது எனக்குத் தெரியாது. சுடுகாட்டில் ஒரு துளியும் சிந்தாத என்னைப் பலர் மெச்சினார்கள். அந்த என்னைத் தூங்கவைத்துவிட்டு, என் வீட்டிலேயே ஒருவன் எழுந்து நடந்திருக்கிறான். இப்போதும் காலையில் கண் விழித்ததும் முதலில் என் உள்ளங்கால்களைத்தான் பார்க்கிறேன்.

இன்னும் செய்யாமல் கிடப்பவை:

நாட்குறிப்பின் அந்தப் பக்கத்தில் விடுபட்ட வரியை எழுதுதல்.

அந்தக் கை யாருடையது என்று மகளிடம் சொல்லுதல். அல்லது, அவளுக்கு அன்றே தெரியுமா என்று கேட்டல்.

விழித்திருக்கும்போது, ஒருமுறையேனும், என் மனைவிக்காக அழுதல்.