ஓடை வாயில் எடுக்காத மண்

என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. பஸ் வரும்வரை நிற்கப் பொறுமையில்லாமல் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்து, நடுவழியில் அதே பஸ்ஸுக்குக் கையைக் காட்டி, அது நிற்காமல் போவதைப் பார்த்துத் திட்டுகிற ரகம் நான். இப்படிப்பட்டவளுக்கு மண் பரிசோதனை வேலை கிடைத்தது. மண் நிழலில் காய வேண்டும், தண்ணீரில் கலக்கி வைத்தது தெளிய வேண்டும், வடிதாளில் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும். அதற்குள் நான் அறையை நாற்பது முறை அளந்திருப்பேன். “ஏம்மா, நீ நடந்தா அது சீக்கிரம் வடிஞ்சிருமா?” என்பார் சார்.

சார்தான் அந்த ஆய்வுக்கூடத்துக்குச் சொந்தக்காரர். எண்பதுகளின் கடைசி அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடியில் இரண்டு அறை, அவர் ஒருவர், நான் ஒருத்தி. சுற்றுவட்டார விவசாயிகள் வயல் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் கொண்டுவருவார்கள். நாங்கள் சோதித்து, என்ன உரம் போடலாம், என்ன பயிர் வைக்கலாம் என்று மஞ்சள் அட்டையில் எழுதிக் கொடுப்போம். அட்டையின் அடியில் என் கையெழுத்தும் இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது, பொய் சொல்வானேன்.

அந்தக் கோடையில் மம்சாபுரம் பக்கத்துக் கண்மாய் ஒன்று வற்றியது. கண்மாய் வற்றினால் வண்டலை வெட்டி வயலுக்கு அடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கண்மாய்க்கு ஆழம் கிடைக்கும், வயலுக்கு உரம் கிடைக்கும். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வருஷம் கேட்டார்கள். ராஜபாளையம் பக்கமிருந்து வரும் ஓர் ஓடைதான் அந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிறது. வழியில் புதிதாக நான்கைந்து சாயப் பட்டறைகள் வந்திருந்தன. ஓடைத் தண்ணீர் ஒருநாள் நீலமாக வந்தது, ஒருநாள் ரத்தச் சிவப்பாக வந்தது. வண்டலை எடுக்கலாமா, கூடாதா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கண்மாய்ப் பாசனக்காரர்கள் சாரிடம் வந்தார்கள். சார் என்னை அனுப்பினார்.

அந்தப் பாசனக்காரர்களில் என் அண்ணனும் ஒருவன். ராஜபாளையத்தில் மில்லில் ஷிப்ட் பார்த்து என்னைக் கல்லூரியில் வேதியியல் படிக்கவைத்தவன் அவன். என் படிப்பு முடிந்ததும் மில் வேலையை விட்டுவிட்டு, அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கரை நம்பி வந்து உட்கார்ந்திருந்தான். “இனி மில் சங்குச் சத்தத்துக்கு எந்திரிக்க மாட்டேன்” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

வயலில் மண் எடுக்க ஒரு முறை உண்டு. பத்து இடத்தில் மண்வெட்டியால் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போலக் குழி வெட்ட வேண்டும். குழியின் பக்கத்தைச் சீவி எடுத்த மண்ணையெல்லாம் ஒரு சாக்கில் கொட்டிக் கலக்க வேண்டும். நாலு பங்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு, மிஞ்சியதை மறுபடி கலக்கி, மறுபடி பிரித்து, கடைசியில் அரைக் கிலோவைப் பையில் கட்ட வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. எருக்குழிப் பக்கம், வரப்போரம், வாய்க்காலோரம், மர நிழல், மற்ற இடத்தோடு ஒட்டாமல் தனியாகத் தெரிகிற இடம், இவற்றிலெல்லாம் எடுக்கக் கூடாது. எடுத்தால் கணக்குக் கெட்டுவிடும். இதை நான் தூக்கத்தில்கூட ஒப்பிப்பேன்.

கண்மாயிலும் அப்படியே செய்தேன். காய்ந்து பாளம் பாளமாக வெடித்த தரையில் பத்து இடம். ஓடை வந்து விழுகிற வாய்ப் பக்கம் போனபோது மண் வேறு மாதிரி இருந்தது. கறுப்பு, ஈரம் காயாத பிசுபிசுப்பு, மேலே வெள்ளையாகப் பூத்த உப்பு. தனியாகத் தெரிகிற இடம். விதிப்படி விட்டுவிட்டேன். வெயில் வேறு மண்டையைப் பிளந்தது, மூன்றரை மணி டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். எது எந்த அளவுக்குக் காரணம் என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சோதனையில் மண் நன்றாகவே இருந்தது. உப்பு கொஞ்சம் கூடுதல், பயப்படும்படி இல்லை. ‘வயலுக்கு இடலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அட்டையை அண்ணன் வீட்டுக்கு நானே கொண்டுபோனேன்.

“நல்ல மண்ணா?” என்று கேட்டான்.

“நல்ல மண்ணு அண்ணே. தைரியமா அடி.”

அடுத்த வாரம் டிராக்டரில் பன்னிரண்டு நடை அடித்தான். நான் போனபோது வயலில் குவியல் குவியலாகக் கொட்டிக் கிடந்தது. அண்ணன் மனைவி, என் மதினி, ஒரு கட்டியை எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வண்டல் வாசமே இல்லையே. துணிக்குப் போடுற சோடா மாதிரில்ல அடிக்கி” என்றாள்.

“மூக்கை வச்சு மண்ணு பாக்குறதா இருந்தா எனக்கெதுக்கு மதினி மீட்டரு?” என்றேன். மூவரும் சிரித்தோம். மதினியும் சிரித்தாள், ஆனால் கையை இரண்டு தரம் கழுவினாள்.

மண்ணை நிரவி, உழுது, கிணற்றுத் தண்ணீரில் ஆடியில் மிளகாய் நட்டார்கள். மூன்றாம் வாரம் அண்ணன் ஆய்வுக்கூடத்துக்கே வந்து நின்றான். மாடிப்படி ஏறி அவன் அதுவரை வந்ததில்லை. “ஏட்டி, செத்த வந்து பாரு” என்றான். 

வரப்பில் நின்று பார்த்தேன். பாதி வயல் பச்சையாக, நான் எழுதிக் கொடுத்தபடியே இருந்தது. மறுபாதியில் வட்டம் வட்டமாகக் கருகல். ஒவ்வொரு வட்டமும் ஒரு டிரெய்லர் மண். எண்ணினேன், ஏழு. நாற்றுகள் நுனி சுருண்டு கருகி நின்றன, தரை ஓடு கட்டி வெள்ளை பூத்திருந்தது. டிராக்டர்காரர் எங்கே வெட்டினார் என்று விசாரித்தோம். முதல் ஐந்து நடை நடுக் கண்மாயில். பிறகு வெடிப்பில் சக்கரம் மாட்டுகிறது என்று, வண்டி இறங்கத் தோதாகவும் வண்டல் கனமாகவும் இருந்த ஓடை வாய்க்குப் போயிருக்கிறார். நான் விட்டுவிட்ட அதே இடம்.

“சொன்னேன்ல” என்றாள் மதினி. அதோடு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். அண்ணன் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். அவன் குனிந்து ஒரு செடியைப் பிடுங்கி, வேரைப் பார்த்துவிட்டு, திரும்ப அதே குழியில் வைத்து மண்ணை அமுக்கினான். 

சாரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முறைப்படிதான எடுத்திருக்க? அட்டையில தப்பில்லம்மா.” அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த ஆறுதல்தான் என்னைத் தூங்கவிடாமல் அடித்தது. வயல் என்பது முழுக்க ஒரே மாதிரி இருக்கும் என்று நம்பி எழுதிய விதி அது. கண்மாய் அப்படியா? தண்ணீர் எங்கே வேகம் குறைகிறதோ அங்கேதான் கொண்டுவந்ததையெல்லாம் இறக்கிவைக்கிறது. கெட்டதைத் தேடிப் போனவள், கெட்டதாகத் தெரிந்த இடத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு வந்திருக்கிறேன். இதை நினைக்க நினைக்க உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்று மறுநாளே கயிறும் குச்சிகளும் எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போனேன். ஓடை வாயிலிருந்து இருபது அடிக்கு ஒரு குச்சி நட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்தேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிப் பை, மேல் மண் ஒன்று, ஒரு முழம் ஆழத்தில் ஒன்று. கலக்கவில்லை. வாய்ப் பக்கம் குழியின் பக்கத்தைச் சீவியபோது நீலம், கருஞ்சிவப்பு, கறுப்பு என்று பட்டை பட்டையாகத் தெரிந்தது, சேலைக் கரை போல. ஒவ்வொரு வெள்ளமும் ஒரு பட்டை. சோடா வாசம் குப்பென்று ஏறியது. மதினியின் மூக்குக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

ஒரு வாரம் மீட்டரோடு கிடந்தேன். ஓடை வாயில் உப்பும் காரமும் மீட்டர் முள்ளைத் தூக்கி எறிந்தன. நூறடி தள்ளிப் பாதியாகக் குறைந்தது. நடுக் கண்மாயில் ஒன்றுமில்லை. சாயத்தில் வரும் உலோகம் பார்க்க எங்களிடம் கருவி இல்லாததால் மதுரைக்கு அனுப்பினோம். அங்கிருந்தும் வாய்ப் பக்கத்து மண்ணைத் தொடாதீர்கள் என்றே பதில் வந்தது.

அதற்குள் வண்டல் அடித்த மற்ற வீடுகளுக்கும் நடையாய் நடந்தேன். நல்லவேளை, பெரும்பாலானவர்கள் நடுக் கண்மாயில் வெட்டியிருந்தார்கள். இரண்டு பேருக்கு மட்டும் ஓடை வாய் மண். ஒருவர் இன்னும் நிரவாமல் களத்தோரம் குவித்து வைத்திருந்தார், தப்பித்தார். இன்னொருவர் என்னை வாசலிலேயே நிறுத்தினார். “நீ அட்டை எழுதிக் குடுத்த, நாங்க அடிச்சோம். இப்ப அட்டைய மாத்தி எழுதினா மண்ணு மாறிருமா தாயி?” என்றார். எனக்குச் சட்டென்று கோபம் வரும், வாயும் சும்மா இருக்காது. அன்று தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.

அண்ணன் வயலில் ஏழு வட்டத்தையும் ஒரு சாண் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்தோம். அண்ணன் வெட்ட, மதினியும் நானும் இரும்புச் சட்டியில் சுமந்தோம். மிச்சத்துக்கு ஜிப்சம் போட்டுத் தண்ணீரை நிறுத்தி வடித்தோம். சுரண்டிய மண்ணை எங்கே போடுவது என்பதில்தான் சண்டை வந்தது.

“எங்க இருந்து வந்துச்சோ அங்கயே கொண்டுபோயி தட்டிட்டு வாரேன்” என்றான் அண்ணன்.

“கண்மாயிலயா? மழை பெஞ்சா அம்புட்டும் கரைஞ்சு மடை வழியா எல்லாரு வயலுக்கும் போகும்.”

“அப்ப ஓடையில தட்டுதேன்.”

“ஓடை எங்க போகுது அண்ணே?”

அவன் மண்வெட்டியைத் தூக்கி எறிந்தான். “அப்ப எங்கதாட்டி போட? ஒன் ஆபீஸ் மாடியிலயா?”

 நல்ல மண்ணுக்கு எனக்கு ஆயிரம் இடம் தெரியும், கெட்ட மண்ணுக்கு ஓர் இடம் தெரியாது. மூன்று நாள் அந்தக் குவியல் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. நாலாம் நாள் நான் போனபோது, வயலின் மேட்டு மூலையில் அண்ணன் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தான். நாலு தென்னை வைக்க வேண்டும் என்று அவன் ஆசையாகச் சொல்லிவந்த மூலை அது. அடியில் களிமண் மெழுகி, கெட்ட மண்ணைக் கொட்டி, சுற்றிக் கரை எடுத்து, மேலே ஒரு முழத்துக்குச் செம்மண் போட்டு மூடினான்.  அந்த வருஷக் கடைசியில் மறுபடி மில்லுக்குப் போனான், பாதி நாள் ஷிப்ட், பாதி நாள் வயல். சங்குச் சத்தத்துக்கு அவனைத் திரும்ப எழவைத்தது நான்தான். இதை அவன் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் ஒருவழியாக அந்த ஓடை வாயைச் சுத்தம் செய்ய ஏற்பாடானது. கெட்ட வண்டலை மட்டும் தனியே வெட்டிக் குழியில் மூட வேண்டும், எதுவரை வெட்டுவது என்று அளந்து சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். மேற்பார்வைக்கு வந்த பொறியாளர் சின்ன வயது, என்னைவிட அவசரக்காரர். “இத்தனை பை எதுக்கு மேடம்? எல்லாத்தையும் கலந்து ஒரே பையாக் குடுங்களேன்” என்றார். முடியாது என்றேன். சாயங்காலம் வரை ஒவ்வொரு பையாக நானே கட்டினேன். மூன்றரை பஸ் மேலே ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

வேலை முடிந்த மறுநாள் பகலில் அண்ணன் வயலுக்குப் போனேன். வேம்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணன் மகள் திடீரென்று எழுந்து நின்று கத்தினாள்.

“அப்பா, அத்தை மேட்டுல ஆடு ஏறிருச்சு!”

“என்ன மேடு?” என்றேன்.

மதினி குழம்புச் சட்டிக்குள் கரண்டியை விட்டு எதையோ தேடினாள். “புள்ளைக என்னத்தையாவது சொல்லும், நீ சாப்பிடு” என்றான் அண்ணன். பிள்ளைக்கு என்ன தெரியும், அவள் அந்த மேட்டு மூலைப் பக்கம் கையைக் காட்டினாள். “அதான் அத்தை, ஒங்க மேடு. அதுல செடி எதுவும் நடக்கூடாது, ஆடு மேயக்கூடாதுன்னு அப்பா சொல்லிருக்காக.”

அப்பாவின் சொத்தில் எனக்கென்று எதுவும் வந்ததில்லை. நானும் கேட்டதில்லை. என் பேரில் எனக்கு இருக்கிற ஒரே நிலம் அதுதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. தட்டைக் கீழே வைத்தேன், கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போய் ஆட்டை விரட்டினேன்.