கத்தி கழுத்தில் இருக்கும்போது பதில் சொல்லக் கூடாது

இதனால் சகலருக்கும் அறியத்தருவது... இன்று முதல் மறு அறிவித்தல் வரை அடியேனின் முடி வெட்டப்படமாட்டாது. சீப்பு வியாபாரிகள் கவனத்தில் கொள்க.

காரணம், என் தலைக்கு இருந்த ஒரே தலைவர் போய்விட்டார்.

மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் பொகவந்தலாவை பஜாரில் சலூன் வைத்திருந்த செல்வம் அண்ணன். நேற்று ராத்திரி நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததும்... அம்மா போனில் சொன்னார். இன்று பின்னேரம் அடக்கம்.

நான் கொழும்பில், புறக்கோட்டைத் துணிக்கடை ஒன்றில் சாரி மடித்துக்கொண்டிருக்கிறேன். காலையில் லீவு கேட்டேன். சொந்தக்காரரா என்று கேட்டார் முதலாளி. எங்கள் ஊரில் முடி வெட்டுகிறவர் என்றேன். சிரித்துவிட்டார்.

சொந்தக்காரர் இல்லைதான்... ஆனால் அவரைப் போல என்னை மதித்துச் சண்டை போட்ட ஆள் வேறு யாரும் இல்லை. இங்கே என்னோடு பேசுகிறவர்கள் எல்லாம் விலைதான் கேட்கிறார்கள்.

அண்ணனுக்கு இரண்டு வாதம். ஒன்று முழங்காலில், மற்றது வாயில்.

நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அவர் எதிர்க்கட்சி. நீங்கள் அரசாங்கத்தைத் திட்டினால் அவர் புகழ்வார். புகழ்ந்தால் கிழிப்பார்.

கத்தரிக்கோல் ஓடும்வரை நீங்களும் பேசலாம். பின்கழுத்தில் சவரக்கத்தியை வைத்துவிட்டால் அவர் மட்டும்தான். அசைந்தால் நட்டம் யாருக்கு? தன் நல்ல பாயிண்டையெல்லாம் அந்த நேரத்துக்கென்றே சேமித்து வைத்திருப்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதரின் வாயை அடைத்த ஒரே ஆள் நான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓ.எல். பரீட்சை எழுதிய வருடம். ஸ்கூல் விவாதப் போட்டிக்குத் தலைப்பு, ‘பெருந்தொற்றில் மக்களைக் காப்பது அரசின் பொறுப்பே’. நான் ‘பொறுப்பே’ அணி. பயிற்சி எல்லாம் சலூனில். அவர் வழக்கம்போல எதிரணி.

"அரசாங்கத்துக்கு வைரஸ் என்ன தந்தி அடிச்சுட்டா வந்துச்சு?"

மழைக்கு முன்னாலேயே தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக் கூரைத் தகரத்தை மாற்றச் சொல்கிறோம் இல்லையா, அதற்குப் பெயர்தான் ஆயத்தம் என்றேன். எனக்கே புல்லரித்தது.

"மாத்துனாங்களா?"

"இல்ல..."

"வருசா வருசம் வர்ற மழைக்கே மாத்தாதவங்க, வராத நோய்க்கு ரெடியா இருப்பாங்கன்னு நீ நம்புன பாரு... அது யாரு தப்பு?"

சலூனே சிரித்தது.

நானும் விடவில்லை. கொரோனா நேரம் நாட்டுக்கே ஊரடங்கு, எங்கள் தோட்டத்துக்கு மட்டும் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டு. வீட்டிலேயே இருங்கள் என்று ரேடியோ சொல்லும், மலைக்கு வாருங்கள் என்று கங்காணி சொல்வார். பெரட்டில் நெருக்கியடித்து நின்று பேர் கொடுத்துவிட்டுத்தான் அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனார். அத்தனையையும் எடுத்துவிட்டேன்.

நல்லாத்தான் பேசுகிறாய், ஆனால் என்னைத் தோற்கடிக்கவில்லையே என்பார் அண்ணன். ஒவ்வொரு தடவையும் அதே பேச்சு. தோக்கடிடா பாப்போம்... தோக்கடிடா...

போட்டிக்கு முதல் நாள் முடி வெட்டப் போனேன். கடையில் வேறு யாரும் இல்லை. கத்தி பின்கழுத்துக்கு வந்தது. வழக்கமான பாயிண்ட் வரும் என்று காத்திருந்தேன்.

"ராணிக்கு மூச்சு முட்டுனப்ப தோட்டத்து டிஸ்பென்சரிக்கு போன் பண்ணேன். கொரோனான்னா அரசாங்கம்தான் பாக்கணும்னாங்க. அரசாங்கத்து சுகாதார ஆபீசர், அந்த பி.எச்.ஐ.க்குப் பண்ணேன். தோட்டத்துக்குள்ளன்னா தோட்டத்து வண்டிதான் வரணும்னாரு. தோட்டத்து லொறி, கொழுந்து எறக்கிட்டுத்தான் வந்துச்சு."

ராணி அக்கா அவர் மனைவி. கடை பஜாரில் என்றாலும் அவர்கள் குடியிருந்தது தோட்டத்து லயத்தில்தான். அந்த லொறியில் போனவர் திரும்பி வரவில்லை. ஊருக்கே தெரிந்த கதைதான். அவர் வாயால் கேட்டது அன்றுதான்.

எங்கள் அணிக்கு இதைவிடப் பெரிய பாயிண்ட் ஏது? கத்தி இருக்கும்போதே, உதடு மட்டும் அசைய, "அப்ப நீங்க தோத்துட்டீங்கண்ணே" என்றேன்.

கத்தி நின்றது.

"அதுக்கு முன்னாடி ரெண்டு நாளா அவளுக்குக் காய்ச்சல்டா. நான்தான் வெளிய சொல்லல. சொன்னா லயத்தையே அடைச்சிருவாங்க, அத்தன பேரும் நம்மளால பட்டினி கெடப்பாங்கன்னு... இதுக்குப் பதில் சொல்லு."

சொல்லவில்லை. கத்தியை எடுத்த பிறகும் சொல்லவில்லை. அவர் பவுடர் போட்டுக் கழுத்தைத் தட்டிவிட்டு, துணியை உதறப் போய்விட்டார்.

மறுநாள் போட்டியில் ஜெயித்தோம். கப்பைத் தூக்கிக்கொண்டு சலூனுக்கு ஓடினேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டு, "ம்" என்றார்.

சரி... உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் வாயை நான் எங்கே அடைத்தேன்? அடைபட்டது என் வாய்.

மேலே போட்ட அறிவித்தலும் பொய்.

காலையில் முதலாளி சிரித்துவிட்டு, "முடின்னதும்தான் பாக்குறேன், காடு மாதிரி வச்சிருக்க. போய் வெட்டிட்டு வா" என்று கொஞ்ச நேரம் விட்டார். அதுதான் எனக்குக் கிடைத்த லீவு. போய் வெட்டிக்கொண்டேன்.

ஏசி சலூன். வெட்டியவர் காதில் இயர்போன். கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

பின்கழுத்தில் கத்தி வைத்தபோதுதான் பதில் வந்தது அண்ணே...

லயத்த அடைச்சா சோறு வராதுன்னு பயந்தீங்கள்ல? அடைக்கத் தெரிஞ்சவங்களுக்குச் சோறு அனுப்பத் தெரியாதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. அந்தப் பயம் நீங்க உண்டாக்குனதா? அந்த ரெண்டு நாளும் அவங்க கணக்குலதாண்ணே சேரும்.

சொல்ல ஆளில்லை. கத்தி வேறு கழுத்தில். அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

போயிட்டு வாங்கண்ணே.

வெட்டு கோணலாத்தான் இருக்கு.