பதினேழாம் பக்கத்தைத் தேடி ராஜகீழ்ப்பாக்கம்

1973, மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. காலை 7.20க்கு எழும்பூரில் மின்சார ரயில் ஏறினேன். பள்ளிப் பிள்ளைகளுக்காக அந்தக் காலத்தில் படம் போட்டு அச்சிட்ட பாட்டுப் புத்தகங்களைச் சேர்ப்பது என் பைத்தியம். வீட்டில் நாற்பத்தொன்று இருக்கின்றன. அவற்றை விற்றவர்களில் ஒருவரைக்கூட நான் நம்பியதில்லை. அசந்தால் அட்டை ஒன்றும் உள்ளே வேறொன்றுமாகத் தலையில் கட்டிவிடுவார்கள்.

8 மணிக்குப் பல்லாவரம் சந்தை. கோழிக் கூடைகளையும் பழைய சைக்கிள் சாமான்களையும் தாண்டி, ஒரு பேப்பர்க்காரரின் சாக்கு விரிப்பில் அதைப் பார்த்தேன். அட்டையில் குடை பிடித்த ஆமை. மூன்றாம் வகுப்பில் பக்கத்துப் பையன் வைத்திருந்த புத்தகம். என்னைத் தொடக்கூட விடமாட்டான். பதினோரு வருஷமாக நான் தேடுவது இதைத்தான்.

ஆசையை முகத்தில் காட்டாமல் புரட்டினேன். முதல் பக்கத்தில் எதையோ சுரண்டிய தடம். பதினேழாம் பக்கம் இருந்த தாளை பிளேடால் அறுத்து எடுத்திருந்தார்கள்.

"ஒரு தாள் இல்லையே?"

"இன்னா சார், பழைய புக்குன்னா அப்டி இப்டிதான் இருக்கும். நேத்துதான் மூட்டையில வந்துச்சு. ராஜகீழ்ப்பாக்கத்துல ரூபி டீச்சர்னு ஒருத்தங்க, இதே புக்கு கீதான்னு மாசாமாசம் கேட்டுகினு போறாங்க. அவங்க கையில இன்னொண்ணு கீதாம். போய்ப் பாரு."

மூன்று ரூபாய் சொன்னவர் ஒன்றரைக்கு இறங்கிவிட்டார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. கேட்காமலே விலாசம் வேறு! இரண்டு பேரும் கூட்டு என்று முடிவு கட்டினேன். இவர் ஓட்டைப் புத்தகத்தை விற்பார், அந்த அம்மாள் தாளுக்கு இருபது ரூபாய் கேட்பார். ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை.

9.30க்குத் தாம்பரம் கிழக்குப் பக்கம் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா. ஏறக்குறைய நாலு கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்.

"இன்னா சார், பைய இப்டி கட்டிப் புடிச்சிகினு கீற? துட்டா?" என்றார் ரிக்‌ஷாக்காரர். அவரையும் சந்தேகப்பட்டு, பையை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

ரூபி டீச்சருக்கு நாற்பது வயதிருக்கும். மிஷன் பள்ளி ஒன்றில் நூலகப் பொறுப்பு. விடுமுறையில் சரிபார்க்கக் கொண்டுவந்த புத்தகங்கள் மேஜை நிறைய இருந்தன.

"ஆமைப் புத்தகத்துல ஒரு பக்கத்தை மட்டும் டிரேஸ் பண்ணிக்கணும்" என்றேன்.

"எந்தப் பக்கம்?"

"பதினேழு."

அவர் முகம் மாறிவிட்டது. "பதினேழுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். வேறு வழியில்லாமல் பையைத் திறந்து என் பிரதியைக் காட்டினேன். அறுத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"முதல் பக்கத்து சீலைத் திருடறவன் சுரண்டிடுவான் சார். அதனால ரகசியமா உள்ளேயும் ஒரு பக்கத்துல போடுவோம். எங்க ஸ்கூலுக்குப் பதினேழு. அது எனக்கும் கிளார்க்குக்கும்தான் தெரியும்."

போன வருஷம் முப்பது புத்தகங்கள் காணாமல் போய்விட்டனவாம். சாவி வைத்திருந்த பியூன் அந்தோணியை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களாம்.

"அந்தோணிக்கு இந்தப் பக்கமே தெரியாது. இதை அறுத்தது அவன் இல்ல. திங்கட்கிழமை கமிட்டி கூடுது சார். இந்தப் புக்கை வெச்சுட்டுப் போங்க. அவனுக்கு மூணு பொண்ணுங்க."

பள்ளியில் மிஞ்சியிருந்த இன்னொரு பிரதியின் பதினேழாம் பக்கத்தையும் காட்டினார். ஊதா மையில் வட்டச் சீல். நேற்றுகூடக் குத்தியிருக்கலாம் என்று நினைத்தேன். பதினோரு வருஷம் தேடியதை ஒரு கதைக்குத் தூக்கிக் கொடுக்க நான் என்ன ஏமாளியா?

"யோசிச்சு எழுதறேன்" என்று எழுந்துவிட்டேன்.

"நீங்க நம்பறதுக்கு எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல சார்" என்றார். தடுக்கவில்லை.

11.45 தாம்பரம் ரயிலில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன். பதினாறாம் பக்கத்தில், குளத்துப் படத்தின் மேல் மங்கலாக ஊதா வளைவு. சந்தையில் அதைத் தண்ணீரின் நிழல் என்று நினைத்திருந்தேன். தாளை வெயிலுக்கு நேரே பிடித்து மறுபுறமிருந்து பார்த்தேன். மை காயுமுன் புத்தகத்தை மூடியிருக்கிறார்கள். எதிர்ப் பக்கத்துச் சீல் இங்கே இடவலம் மாறி ஒட்டியிருந்தது. பின்னாலிருந்து பார்த்தபோது எழுத்துகள் நேராயின. அவர் காட்டிய அதே பள்ளியின் பெயர்.

குரோம்பேட்டையில் இறங்கி, எதிர் ரயில் பிடித்துத் திரும்பினேன்.

ரூபி டீச்சர் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு பதிவேட்டை எடுத்து, 'திருப்பியவர் கையொப்பம்' என்ற கட்டத்தைக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

"இப்ப டிரேஸ் பண்ணிக்குங்க சார்" என்றார். எனக்கு மனம் வரவில்லை. திங்கட்கிழமை வந்து சாட்சி சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மாலை நாலு மணிக்கு வீடு. "இன்னிக்கு ஒண்ணும் கிடைக்கலையா?" என்றாள் மனைவி. நான் அலமாரியைத் திறந்தேன். விற்றவர்களையெல்லாம் சந்தேகப்பட்டவன், வாங்கிய என்னை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. வெட்கமாக இருந்தது. முதல் புத்தகத்திலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். ஏழாவது புத்தகத்தின் இருபத்தைந்தாம் பக்கத்தில், ஊதா மையில் வேறொரு பள்ளிக்கூடத்தின் பெயர் இருந்தது.