வெள்ளிக்கிழமைச் சலுகை

கொழும்பிலுள்ள நட்சத்திர ஹோட்டல்களுக்குள் என் அப்பா நுழைந்து வெளியேறிய அளவுக்கு எங்கள் சொந்தக்காரரில் வேறு யாரும் நுழைந்திருக்கமாட்டார்கள். சாப்பிட்டது என்னவோ ஒரே ஒரு தடவைதான்.

எல்லாம் சித்தியின் கலியாணத்துக்காக. அம்மாவின் தங்கையான சித்தி எங்களுடன்தான் கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி வீட்டில் இருந்தார். வெள்ளவத்தையில் ஒரு மருந்துக்கடையில் அவருக்கு வேலை. அதுவரை வந்த சம்பந்தங்களில் பாதியை மாப்பிள்ளை வீட்டார் தட்டிவிட்டார்கள், மீதியைச் சித்தி தட்டிவிட்டார். இம்முறை கனடாவிலிருந்து ஒருவர் தாயாருடன் வந்து வெள்ளவத்தையில் தங்கியிருந்தார். ஆறுதலாக இருந்து கதைக்க ஓர் இடம் சொல்லுங்கள் என்று தரகரிடம் கேட்டு அனுப்பியிருந்தார்கள்.

வழக்கம்போலக் கோயிலில் வைத்துப் பார்க்கலாம் என்றார் அம்மா. கோயிலில் எங்கே இருந்து கதைப்பது என்றார் அப்பா. வீட்டுக்குக் கூப்பிடலாம் என்றால், லிப்ட் வேலை செய்யாமல் போய் எத்தனையோ காலம். படியேறி வரும் கனடாக்காரர் முதலில் பார்ப்பது நடைபாதையில் தொங்கும் எங்கள் உள்ளாடைகளாகத்தான் இருக்கும். ஆகவே நட்சத்திர ஹோட்டல் என்று அப்பா முடிவெடுத்தார். கையில் காசில்லை என்பது அவருடைய முடிவுகளை ஒருநாளும் தடுத்ததில்லை.

சித்தி மட்டும் அசையவில்லை.

"வந்து பாக்கட்டும், தேத்தண்ணி குடிக்கட்டும், போகட்டும். நான் ஓமெண்டு சொல்லமாட்டன். தாய் சொல்லாமல் மூச்சும் விடாதாம் அந்தப் பிள்ளை. வெள்ளிக்கிழமையில முட்டைகூடத் தொடாதாம். தரகர் அதைப் பெருமையாச் சொல்லுறார். அப்பிடி ஒரு ஆளோட அந்தக் குளிருக்குள்ள நான் எப்பிடியக்கா காலம் தள்ளுறது?"

"இதையும் தட்டினியெண்டா பிறகு ஒருத்தரும் வரமாட்டினம்" என்று அம்மா அழுதார். எனக்கும் அழுகை வந்தது. கனடாவிலிருந்து வரப்போகும் சொக்கலேட் போய்விடுமே என்ற கவலை எனக்கு.

அப்பா ஹோட்டல் தேடப் புறப்பட்டபோதெல்லாம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் கலியாண வீட்டுச் சேர்ட் போடுவார், எனக்குத் தீபாவளிச் சட்டை. வாசற்காரர் சலாம் போட்டுக் கதவைத் திறப்பார். அப்பா ஏதோ அங்கேயே பிறந்து வளர்ந்தவர்போல உள்ளே நடப்பார். சாப்பாட்டு விலைப்பட்டியலை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படிப்பார். பரிமாறுகிறவர் கிட்ட வந்தால், "வைஃப் இஸ் கமிங்" என்பார். ஒரு கோப்பை சூப்பின் விலைக்கு எங்கள் வீட்டில் ஒரு கிழமைக்கு மீன் வாங்கலாம். தேசிக்காய்த் துண்டு மிதக்கும் தண்ணீரை இருவரும் குடித்து, குளிரூட்டியின் கீழ் சற்று நேரம் இருந்துவிட்டு, கைபேசியில் அவசர அழைப்பு வந்ததுபோல அப்பா எழும்புவார். சலாம் போட்டவரே திரும்பவும் சலாம் போடுவார். எனக்கு அந்த நாட்கள் மிகவும் பிடித்திருந்தன.

கடைசியில் காலிமுகத்திடல் பக்கம், கடலைப் பார்த்தபடி இருந்த ஒரு ஹோட்டலில் வழி கிடைத்தது. பின்னேரத் தேநீர் பஃபே. எடுத்து எடுத்துச் சாப்பிடலாம். அப்பாவுக்குச் சம்பளம் போடும் வங்கியின் அட்டை இருந்தால் பாதி விலை. அப்பா படியெல்லாம் ஓடி ஏறி வந்து மூச்சு வாங்கச் சொன்னார். "ஆனா வெள்ளிக்கிழமையில மட்டும்தான்."

அம்மா கையிலிருந்த அகப்பையை வைத்தார். "வெள்ளிக்கிழமையோ? ஐயோ, உங்களுக்கு விசரோ? அந்தச் சனம் வெள்ளி சைவமெல்லோ!"

அப்பா அதை நினைக்கவேயில்லை. அவருடைய தலைக்குள் வெள்ளிக்கிழமை என்றால் பாதி விலை, அவ்வளவுதான். "சைவமும் இருக்கும், சாண்ட்விச் இருக்கும், கேக் இருக்கும்" என்றார். கேக்கில் முட்டை இருக்கும் என்பதை அம்மா ஞாபகப்படுத்தினார். மற்ற நாட்களில் முழு விலை. ஆகவே வெள்ளிக்கிழமையே முடிவாகியது. எங்கள் பக்கத்திலும் ஒருவரும் மச்ச மாமிசம் தொடக்கூடாது, மீன் இறைச்சி இருக்கும் மேசைப் பக்கம் திரும்பியும் பார்க்கக்கூடாது என்று அம்மா கட்டளை போட்டார். சின்னப் பிள்ளைகளுக்கு இலவசம் என்பதால், கேட்டால் ஐந்து வயது என்று சொல்லும்படி அப்பா எனக்குக் கட்டளை போட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை எல்லாரும் கடல் தெரியும் மேசையைச் சுற்றி இருந்தோம். மாப்பிள்ளையின் தாயார் என்னைப் பார்த்துச் சிரித்து, பரிமாறுகிறவர் பக்கத்தில் நிற்கும்போதே, "பிள்ளை எத்தினையாம் வகுப்பு?" என்று கேட்டார். "நாலாம் வகுப்பு" என்றேன். அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. நல்ல காலம், பரிமாறுகிறவருக்குத் தமிழ் தெரியவில்லை.

பிறகு அந்த அம்மா எழும்பி, ஒவ்வொரு தட்டையும் காட்டி, இதில் மீன் இருக்கிறதா, அதில் முட்டை இருக்கிறதா என்று சிங்களத்தில் விசாரித்தார். இருக்கிறது, இருக்கிறது என்றே பதில் வந்தது. கடைசியில் நாலு துண்டு அன்னாசிப்பழத்துடன் திரும்பி வந்தார். மரியாதைக்காக அம்மாவும் அன்னாசி எடுத்தார். அப்பாவும் எடுத்தார். பாவம், ஊரெல்லாம் அலைந்து பிடித்த பஃபேயில் அன்னாசி தின்ற அவர் முகத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

மாப்பிள்ளை தாய்க்குப் பக்கத்தில் முதுகை நிமிர்த்திக்கொண்டு, அவர் கொடுத்த அன்னாசித் துண்டைச் சாப்பிட்டார். "கனடாவில இப்ப குளிரோ?" என்று அப்பா கேட்டார். "ஓம், குளிர்தான்" என்றார் அவர். கதை அதோடு முடிந்தது. சித்தி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்தது எனக்குத் தெரிந்தது. மாப்பிள்ளை எழும்பி எங்கோ போனார்.

"இவளுக்கு ஐஸ்கிறீம் எடுத்துக் குடுத்திட்டு வாறன்" என்று சித்தி என்னை இழுத்துக்கொண்டு எழும்பினார்.

ஐஸ்கிறீம் இருந்தது மண்டபத்தின் மறுகோடியில், ஒரு பெரிய தூணுக்குப் பின்னால். அதற்குப் பக்கத்தில் மாவில் தோய்த்துப் பொரித்த இறால் குவிந்திருந்தது. சித்தி அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார், வாலில் பிடித்து ஒன்றைத் தூக்கி முழுசாக வாயில் போட்டார். வெள்ளிக்கிழமை! அதுவும் பொட்டு வைத்து, பூ வைத்து!

திரும்பினால் மாப்பிள்ளை நிற்கிறார். அவருடைய ஒரு கன்னம் வீங்கியிருந்தது. கையிலிருந்த கோப்பையை ஒரு கடதாசித் துவாயால் மூடியிருந்தார். துவாய்க்கு வெளியே சிவப்பாக மூன்று நான்கு இறால் வால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

அவர் அவசரமாக விழுங்கினார். "அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றார்.

"ஆரின்ர அம்மாவுக்கு?" என்றார் சித்தி, வாய் நிறைய இறாலுடன். "நீங்கள் முதல் எங்கட அக்காவுக்குச் சொல்லாமல் இருங்கோ."

அவருக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. சித்தி தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். பிறகு அவர், "இஞ்சால சோஸ் இருக்கு, தொட்டுச் சாப்பிடுங்கோ" என்றார். தூணுக்குப் பின்னாலேயே நின்று இருவரும் கதைத்தார்கள். நான் மூன்று நிற ஐஸ்கிறீமும் முடிக்கும்வரை கதைத்தார்கள். நடுவில் சித்தி, "அங்க வந்தா நான் வேலைக்குப் போவன். விடாட்டி வரவேமாட்டன்" என்று சொன்னது கேட்டது.

"போகாதேங்கோ எண்டு சொல்ல நான் ஆர்?" என்றார் அவர்.

மேசைக்குத் திரும்பும் முன் சித்தி என் வாயைத் துடைத்தார், தன் வாயையும் துடைத்தார். "நீ ஒண்டும் காணேல்லை, என்ன?"

"ஓம்" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில், ஓட்டோவுக்குள் நெருக்கியடித்து இருந்தபடி அம்மா பயந்து பயந்து கேட்டார். "என்ன சொல்லுறாய்?"

"சரியக்கா" என்றார் சித்தி.

அம்மா நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டார். அப்பா முன்னால் பார்த்தபடி, "நல்ல இடத்தில இருத்திக் கதைச்சா எல்லாம் சரிவரும்" என்றார். இன்றைக்கும் அவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அடுத்த நாள் விடியவே அம்மா தேங்காயும் கற்பூரமும் வாங்கிக்கொண்டு என்னைக் கோயிலுக்குக் கூட்டிப் போனார். வெள்ளிக்கிழமை விரதத்தின் பலன்தான் இந்தக் கலியாணம் என்று கண்ணீர் வழியக் கும்பிட்டார். பக்கத்தில் நின்ற நானும் கண்களை இறுக மூடினேன். சித்தியின் கலியாணம் குழம்பிவிடுமோ என்று எனக்குப் பயம். "முருகா, அவை ரெண்டு பேரும் இறால் சாப்பிட்டதை மட்டும் நீ மறந்துவிடு" என்று வேண்டிக்கொண்டேன்.