பொங்கலுக்குப் பொங்கல் ஒரு வயது

டிக்கோயா பஸ்ஸின் கண்டக்டர் என் கடைவாசலில் வண்டியை நிறுத்தி, ஜன்னல் வழியாகவே சொன்னார்: "அக்கா, நம்ம பெயின்டர் அண்ணன் காலையில தவறிட்டாருங்க. நெஞ்சு வலியாம்." நான் நம்பவில்லை. முந்தின நாள் மாலைதான் என் கடைப் பலகையில் இருந்த தன் பெயரை, யாரும் கேட்காமலே, புதுச் சிவப்பில் எழுதிவிட்டுப் போயிருந்தார். கடையின் பெயரைவிட 'மூக்கையா ஆர்ட்ஸ்' பெரிதாகத் தெரிந்தது. சண்டை போடலாம் என்று காத்திருந்தேன். அந்தச் சண்டை பாக்கியாகிவிட்டது.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய தற்பெருமையும் தெரியும். பஸ், லொறி, கோயில் மதில் என்று எதில் வரைந்தாலும் கையெழுத்துக்கே பாதி இடம் போய்விடும். கால் வரைய மட்டும் அவருக்கு வரவே வராது. அதனால் அவர் வரைந்த மனிதர்கள் எல்லாரும் முழங்கால்வரை ஒரு தேயிலைச் செடிக்குப் பின்னால் நிற்பார்கள். கேட்டால், "காலப் பாத்து யாரு ஆள அடையாளம் கண்டா? மூஞ்சியப் பாருங்க தங்கச்சி" என்பார்.

ஹட்டனில், காசு கொடுத்துப் போன் பேசும் என் கொமியூனிகேஷன் கடைக்கு இன்டர்நெட் வந்த புதிதில், வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போன பெண்களின் படங்கள் ஈமெயிலில் வரத் தொடங்கின. தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து வீட்டார் வந்து கணினித் திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள். அச்செடுத்துக் கொடுத்தால் எங்கள் மலை ஈரத்தில் மூன்று மாதத்தில் முகம் கரைந்துவிடும். மூக்கையா அண்ணன் ஒருநாள் திரையை எட்டிப் பார்த்து, "இத நான் சுவத்துல ஏத்துறேன்" என்றார். முதலில் ஏறியது லெச்சுமி. மூன்று வயது மகள் சுமதியைக் கணவர் ராமுவிடம் விட்டுவிட்டு குவைத்துக்குப் போனவள். அவளிடமிருந்து வந்ததே ஒரு படம்தான். அதற்குப் பிறகு அவள் வேலை செய்த வீட்டுக்காரர்கள் போனைத் தொட விடவில்லை. லயத்து வீட்டின் உள்சுவரில் அவள் தேயிலைச் செடிக்குப் பின்னால் சிரித்தாள். சுமதி தினமும் அந்தச் சுவரிடம் சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாள்.

அடுத்த சித்திரையில் விழுந்த இடியில் என் கணினி கருகியது. சேமித்து வைத்திருந்த எல்லாருடைய படங்களும் அதோடு போயின. நான் அழுதேன். அவரோ, "அழாதீங்க, எல்லாரும் சுவத்துல பத்திரமா இருக்காங்க" என்று பெருமையடித்தார். அந்தப் பெருமை தைவரைக்கும்தான். பொங்கலுக்கு லயத்து வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள் அல்லவா? ராமு கைப்பழக்கத்தில் லெச்சுமியின் மேலேயே சுண்ணாம்பு மட்டையை இழுத்துவிட்டார். சுமதி அழுத அழுகையில் பக்கத்து வீடுகளெல்லாம் கூடிவிட்டன. பார்த்து வரையப் படம் எங்கேயும் இல்லை.

மூக்கையா அண்ணன் வந்தார். வெற்றிலையை மென்றபடி வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மனதிலிருந்தே வரைந்தார். ஆனால் முகம் கொஞ்சம் மெலிந்திருந்தது. "ஏண்ணே, வேற மாதிரி இருக்கே?" என்றேன். "ஒரு வருசம் போச்சுல்ல தங்கச்சி? அவளுக்கு மட்டும் போகாம இருக்குமா? புள்ள பழைய மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா, வர்ற அம்மாவ யாருன்னுல்ல கேக்கும்?"

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. தை பிறந்தால் சுண்ணாம்பு, பிறகு மூக்கையா அண்ணன். என் கடைக்கு வரும், குவைத்திலிருந்து திரும்பிய பெண்களையெல்லாம் வழிமறித்து விசாரிப்பார்: "ஏசிக் காத்துல மூஞ்சி வெளுக்குமாம்மா? கண்ணுக்குக் கீழ கறுக்குமா? முடி கொட்டுமா?" அவர்களும் சிரித்துக்கொண்டே தங்கள் முகத்தைக் காட்டுவார்கள். கேட்டதையெல்லாம் லெச்சுமியின் முகத்தில் சேர்ப்பார். பொங்கலுக்குப் பொங்கல் அவளுக்கு ஒரு வயது கூடியது.

ஐந்து வருடம் கழித்து லெச்சுமி திரும்பி வந்த நாளில், அவர்கள் தோட்டத்துக்குப் பக்கத்து வட்டகொடை ஸ்டேஷனில் நாங்கள் எல்லாரும் நின்றோம். எட்டு வயதுப் பிள்ளை, பெற்றவளைப் பார்த்து ஒதுங்கி நின்றால் அவள் எப்படித் தாங்குவாள்? ரயில் நின்றது. இறங்கிய பெண்ணைப் பார்த்து ராமுவே ஒரு கணம் தயங்கினார். சுமதி தயங்கவில்லை. "அம்மா!" என்று ஓடிப்போய்ச் சேலையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. மூக்கையா அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா என் வேலைய!" என்று போர்ட்டரிடம் பீற்றிக்கொண்டார். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்த லெச்சுமி முதலில் விம்மினாள், பிறகு இடுப்பில் கை வைத்தாள். "ஏண்ணே, எனக்கு இம்புட்டு நரையா?" "கூடிப்போச்சா? அடுத்த பொங்கலுக்குக் கொறச்சிருவோம்" என்றார் அவர்.

அந்தப் பொங்கல் வரும் முன்பே, கார்த்திகையில் அவர் போனார். தை பிறந்ததும் லெச்சுமி என்னைத் தன் வீட்டுக்கு அழைத்தாள். சுண்ணாம்பு காய்ந்து சுவர் வெறுமையாக இருந்தது. என் போனில் அவர் சிரிக்கும் படம் ஒன்று உண்டு. அதைப் பார்த்து ஆளுக்கொரு தூரிகையாக வரைந்தோம். மூக்கு கோணியது. கால் எங்களுக்கும் வரவில்லை, தேயிலைச் செடி வைத்தோம். அவர் பெயரை, அவருக்குப் பிடித்த அளவில், பாதிச் சுவருக்கு எழுதினோம். கடைசியில் லெச்சுமி வெள்ளைப் பெயின்டைத் தொட்டு, காதோரம் நரை கூட்டினாள்.

கணினியோடு போன படங்களைப் போல இந்தப் படத்தையும் தொலைக்க மாட்டேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அண்ணே, உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த வழக்கம்தான். வருகிற தைக்கும் உங்களுக்கு ஒரு வயது கூடும்.